அழைப்பு அவருக்கு மட்டும் வந்திருந்தால்

விசுவமடுவிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருந்தார். கணவருக்குக் கம்போடியாவுக்கு மிஷனரியாகப் போகும் அழைப்பு வந்திருக்கிறது, சபை மூப்பர்களும் ஜெபித்து ஆமென் சொல்லிவிட்டார்கள், மூத்த மகளுக்கு 6 வயது, மகனுக்கு 2. "எனக்கு அப்படி ஒரு அழைப்பும் வரவில்லை அக்கா, பயம் மட்டும்தான் வருகிறது. நான் விசுவாசத்தில் குறைந்தவளா? குடும்பமாக அங்கே போய் இருந்தால் சீவியம் உண்மையில் எப்படி இருக்கும்?" இதுதான் கேள்வி.

நானும் இவரும் இரண்டு பிள்ளைகளும் 2013 தை மாதம் தொடக்கம் 2022 மார்கழி வரை கம்போடியாவில் இருந்தோம். முதல் வருடம் புனோம் பென் நகரத்தில், மிச்சம் முழுவதும் பட்டம்பாங் மாகாணத்தில் நெல் விளையும் ஒரு கிராமத்தில். இப்போது கிளிநொச்சியில்தான் இருக்கிறோம். கண்டதையும் பட்டதையும் எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

முதலில் நேரே பதில். நீங்கள் விசுவாசத்தில் குறைந்தவர் இல்லை. உங்களுக்கு மனம் வராமல் இந்தப் பயணம் வெளிக்கிடவும் கூடாது, ஒரு வருடம் பிந்தினாலும் பரவாயில்லை. இதை உங்கள் கணவரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். அங்கே போனால் அவருக்குக் கூட்டங்கள் இருக்கும், வேலை இருக்கும், கூட நின்று ஜெபிக்கச் சகோதரர்கள் இருப்பார்கள். உங்களுக்கு இருக்கப்போவது விலை கேட்கத் தெரியாத சந்தை, இரவில் காய்ச்சல் வந்த பிள்ளை, கதைக்க ஒரு ஆள் இல்லாத பின்னேரங்கள். முதல் இரண்டு வருடப் பாரம் பெரும்பாலும் வீட்டுக்குள்தான் விழும், அதைத் தூக்கப்போகிறவர் நீங்கள். தூக்குகிறவரைக் கேட்காமல் பாரத்துக்கு ஆமென் சொல்லக்கூடாது என்று நான் மூப்பர்களுக்கே சொல்வேன்.

எனக்கும் தனியாக ஒரு அழைப்பும் வரவில்லை. 2009இல் ஒரு வயது மகனைத் தூக்கிக்கொண்டு தருமபுரம், உடையார்கட்டு, புதுக்குடியிருப்பு என்று ஓடி, பிறகு செட்டிகுளம் முகாமில் தரப்பாள் கொட்டிலில் கிடந்து, 2010இல் கிளிநொச்சிக்குத் திரும்பி வந்து பார்த்தபோது வீட்டில் நின்றது இரண்டு சுவர்தான். அந்தச் சுவரை வைத்துக்கொண்டு மெல்ல மெல்லக் கட்டி, கிணறு இறைத்து, முற்றத்தில் ஒரு முருங்கைக் கம்பு நட்ட நேரத்தில்தான், 2011இல், கம்போடியாவிலிருந்து ஒரு போதகர் எங்கள் பக்கம் வந்தார். அந்த நாட்டில் பொல் பொட் என்ற கொடுங்கோலன் ஆண்ட காலத்தில் தாயையும் தகப்பனையும் இரண்டு தம்பிமாரையும் இழந்தவர். அவர் கெமர் மொழியில் பேச, ஒருவர் ஆங்கிலத்தில் சொல்ல, இன்னொருவர் தமிழில் சொன்னார். அவர் கதை எங்கள் கதை மாதிரியே இருந்தது. கூட்டம் முடிந்து சைக்கிளில் வரும்போது இவர் ஒன்றும் பேசவில்லை, எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. நான் சம்மதிக்க 14 மாதம் எடுத்தது. இப்போதுதான் கட்டி முடித்த வீட்டை விட்டு இனி ஒருதரம் வெளிக்கிட என்னால் ஏலாது என்று எத்தனையோ இரவு அழுதிருக்கிறேன். அந்த 14 மாதமும் அவர் ஒரு நாள்கூட வசனம் காட்டி என்னை நெருக்கவில்லை. அதனால்தான் அங்கே கஷ்டம் வந்தபோது "நீங்கள்தானே கூட்டி வந்தீர்கள்" என்ற சொல் என் வாயில் வரவில்லை. வந்திருந்தால் இரண்டாம் வருடமே திரும்பியிருப்போம்.

சரி, சீவியம் எப்படி இருக்கும் என்று கேட்டீர்கள். மொழியிலிருந்து தொடங்குகிறேன், மற்ற எல்லாம் அதற்குள்தான் இருக்கிறது. கெமர் எழுத்து பல்லவர் எழுத்திலிருந்து வந்தது, பார்த்தால் ஏதோ தெரிந்த முகம் மாதிரி இருக்கும், ஆனால் வாசிக்க வராது. சொற்களுக்கு நடுவே இடைவெளி விட மாட்டார்கள், ஒரு மெய்யெழுத்துக்குக் கீழே இன்னொன்றைத் தொங்கவிடுவார்கள், அதற்குப் பெயர் "ஜெங்", கால் என்று அர்த்தம். உயிரொலிகள் எங்களுக்குப் பழக்கமில்லாத அளவுக்கு அதிகம். சொற்களில் மட்டும் வடமொழி வழியாக வந்த உறவு இருக்கிறது: ஆசிரியருக்கு "க்ரூ", பாஷைக்கு "பியெசா", முகத்துக்கு "முக்", புண்ணியத்துக்கு "போன்", பாவத்துக்கு "பாப்". இது சுகம் என்று நினைத்துவிடாதீர்கள், இதில்தான் பெரிய பிழை நடக்கும். நாங்கள் சபையில் "பாவம்" என்றால் கடவுளுக்கு முன் மனிதன் நிற்கிற நிலையைச் சொல்கிறோம். அங்கே "பாப்" என்றால் கணக்கில் ஏறுகிற தீவினை, போன பிறவியிலிருந்தும் வரலாம், புண்ணியம் செய்து குறைக்கலாம். மூன்றாம் மாதம் மனப்பாடம் செய்த கெமரில் இதைப் பிரசங்கித்துவிட்டு வருகிறவர்களைக் கண்டிருக்கிறேன். கேட்டவர்கள் கும்பிட்டுச் சிரித்து அனுப்புவார்கள், அவர்கள் விளங்கிக்கொண்டது வேறு ஒன்றாக இருக்கும்.

அதனால் முதல் இரண்டு வருடம் மொழி படிப்பதைத் தவிர வேறு ஊழியம் வேண்டாம் என்று அனுப்புகிற சபையிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நீங்களும் படிக்க வேண்டும், கணவர் மட்டும் வகுப்புக்குப் போக நீங்கள் வீட்டில் பிள்ளை பார்க்கிற ஏற்பாடு வேண்டவே வேண்டாம். நாங்கள் முதல் ஆறு மாதம் அந்தப் பிழையைச் செய்தோம். அவர் வாக்கியமாகக் கதைக்க, நான் அரிசி, மீன், எவ்வளவு என்ற மூன்று சொல்லோடு நின்றேன், அதுதான் அங்கே நான் மிகவும் தனியாக உணர்ந்த காலம். பிறகு காலையில் நான், பின்னேரம் அவர் என்று மாற்றினோம். மானிப்பாயில் இருந்த டொக்டர் சாமுவேல் கிறீனைப் பற்றி எங்கள் ஆட்கள் பெருமையாகச் சொல்வார்கள், 1847இல் அமெரிக்காவிலிருந்து மிஷனரியாக வந்தவர், பிறகு தமிழிலேயே மருத்துவம் படிப்பித்து, மருத்துவ நூல்களைத் தமிழாக்கி, 60 பேருக்கு மேல் வைத்தியர்களாக்கியவர், அமெரிக்காவில் இருக்கிற தன் கல்லறையிலும் தமிழருக்கு மருத்துவ ஊழியர் என்றே எழுதச் சொன்னவர். அவரைப் புகழ்கிற நாங்கள், எங்கள் ஆட்களை அனுப்பும்போது மட்டும் ஆறாம் மாதமே ஞானஸ்நானக் கணக்குக் கேட்கிறோம்.

ஊழியம் என்ற சொல்லுக்கு வன்னியில் ஒலிபெருக்கி, கன்வென்ஷன் கூட்டம், வீட்டுச் சந்திப்பு என்று ஒரு படம் இருக்கிறது. அங்கே அது நடக்காது, நடக்கவும் கூடாது. வீடு வீடாகப் போய்ப் பிரசங்கிப்பதை அந்த அரசாங்கம் தடை செய்திருக்கிறது, 2007இல் அமைச்சு அதைத் திரும்பவும் அறிவித்தது. காசோ பொருளோ காட்டி மதம் மாற்றுவதும் சட்டப்படி குற்றம். எனக்கு இந்தச் சட்டத்தில் ஒரு மனக்குறையும் இல்லை. யுத்தம் முடிந்த காலத்தில் எங்கள் ஊரில் என்ன நடந்தது என்று உங்களுக்கும் தெரியும்: பசியில் நின்ற சனத்துக்கு அரிசிப் பையோடு கூடவே ஜெபக் கூட்ட அழைப்பும் கொடுத்தவர்கள் இருந்தார்கள், சைவ வீடுகளில் அது இன்றைக்கும் ஆறாத காயம், என் பக்கத்து வீட்டு அன்ரி இன்னும் அதைச் சொல்லுவா. அந்தக் காயத்தை இன்னொரு ஊரில் கொண்டுபோய்ச் செய்ய எனக்கு மனமில்லை.

நாங்கள் செய்தது இவ்வளவுதான். இவர் இங்கே விவசாயப் போதனாசிரியராக இருந்தவர், அங்கே நெல்லுக்கு இடையில் பயறும் மரக்கறியும் போடுவதை ஊர் ஆட்களோடு சேர்ந்து செய்து பார்த்தார், முதல் போகம் அவர் சொன்னது பிழையாய்ப் போனது, இரண்டாம் போகம் அவர்கள் சொன்னதைக் கேட்டுச் செய்தபோது சரிவந்தது. நான் பின்னேரங்களில் வீட்டுக்குக் கீழே, தூண்களில் நிற்கிற மர வீடுகள்தானே, அந்த நிழலில் பாய் விரித்துப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தேன். செத்த வீடுகளுக்குப் போனோம், கல்யாண வீடுகளில் மீன் துப்புரவாக்கினோம். டெங்குக் காலத்தில் பக்கத்து வீட்டுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சியெம் ரீப்பில் இருக்கிற கந்தா போபா சிறுவர் ஆஸ்பத்திரிக்கு இரவோடு இரவாகப் போனோம். அங்கே பிள்ளைகளுக்கு இலவச வைத்தியம், சுவிஸ் நாட்டு டொக்டர் ஒருவர் செலோ வாசித்துக் காசு சேர்த்து நடத்திய ஆஸ்பத்திரிகள் அவை. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த ஊர்க் கெமர் போதகர் நடத்தும் சின்னச் சபையில் இருந்தோம், 20 பேருக்கு மேல் கூடியது குறைவு, பிரசங்கம் பெரும்பாலும் அவர்தான் செய்தார். யாராவது வீட்டில் வந்து "நீங்கள் ஏன் இப்படி இருக்கிறீர்கள்" என்று கேட்டால் சொன்னோம். ஒன்பது வருடத்தில் அப்படிக் கேட்டு, இருந்து, யோசித்து, விசுவாசத்துக்கு வந்தவர்களை என் இரண்டு கை விரல்களில் எண்ணலாம். அவர்களில் ஒருவர்கூட எங்களிடம் காசு வாங்கியவர் இல்லை.

அனாதை இல்லம் நடத்தும் யோசனை யாராவது சொன்னால், தயவுசெய்து ஓடிவிடுங்கள். வெளிநாட்டுச் சபைகளுக்கு இது மிகவும் பிடித்த திட்டம், படம் அழகாக வரும், காசும் வரும். கம்போடியாவில் 2011இல் வந்த ஒரு ஆய்வு, இல்லங்களில் இருந்த பிள்ளைகளில் நான்கில் மூன்று பேருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருப்பதைக் காட்டியது. வறுமையில் பெற்றவர்களே கொண்டுவந்து விடுகிறார்கள், இல்லம் இருப்பதால்தான் பிள்ளை வீட்டை விட்டு வருகிறது. அந்தத் தாய்க்கு மாதம் ஒரு சின்னத் தொகையும் ஒரு கறவை மாடும் கிடைத்தால் பிள்ளை தாயோடு வளரும். வன்னியில் பிள்ளையை இல்லத்தில் விட்டுவிட்டு வந்து அழுத தாய்மாரை நான் கண்டிருக்கிறேன், நீங்களும் கண்டிருப்பீர்கள்.

இனி நான் அதிகம் சொல்ல விரும்புகிற பகுதி. நாங்கள் வன்னிச் சனம் என்பது அங்கே எங்களுக்கு எவ்வளவு உதவியது என்று போகும்முன் எனக்குத் தெரியாது. பட்டம்பாங் தாய்லாந்து எல்லைப் பக்கம், உலகத்திலேயே கண்ணிவெடி அதிகம் புதைத்த இடங்களில் ஒன்று. கால் இல்லாத ஒரு ஐயா தினமும் எங்கள் வாசலைத் தாண்டி மாடு சாய்த்துக்கொண்டு போவார். மூன்றாவது மாதமோ என்னவோ, என் மகன் தெருவோரம் கிடந்த தகரப்பேணியைக் கால் தட்டி விளையாட ஓட, நான் கத்திக்கொண்டு பாய்ந்து அவனைப் பிடித்தேன், அந்த ஐயா நின்று என்னைப் பார்த்தார். "உங்கள் ஊரிலும் இருக்கிறதா?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். அன்றைக்குப் பின்னேரம் அவர் மனைவியைக் கூட்டிக்கொண்டு முதல் தடவையாக எங்கள் வீட்டுப் படியில் வந்து இருந்தார்.

அங்கே வயதானவர்கள் பொல் பொட் காலத்தை "மூன்று வருடம், எட்டு மாதம், இருபது நாள்" என்றுதான் சொல்வார்கள், 1975 சித்திரை 17 தொடக்கம் 1979 தை 7 வரை, நாள் கணக்கோடு. 17 இலட்சம் சனம் அளவில் செத்தது. பசி, வேலை, கொலை. அதற்குப் பிறகும் சண்டை ஓயவில்லை, பொல் பொட் படையின் கடைசிக் குழுக்கள் 1998 வரை அந்தப் பக்கத்துக் காடுகளில் இருந்தன. அதனால் எங்கள் ஊரில் பிள்ளையை இழந்த வீடும், அந்தப் படையில் துப்பாக்கி தூக்கியவர் வீடும் ஒரே ஒழுங்கையில் இருந்தன, ஒரே பம்பில் தண்ணீர் அள்ளினார்கள். வெளிநாட்டிலிருந்து வருகிற ஊழியர்கள் மன்னிப்பைப் பற்றிப் பிரசங்கிப்பார்கள், நான் அதை வாய் திறந்து சொல்ல ஒன்பது வருடத்தில் துணியவில்லை. கேட்டுக்கொண்டு இருந்தேன், அவ்வளவுதான்.

புரட்டாதி, ஐப்பசி அளவில் "ப்சும் பென்" என்று 15 நாள் வரும், செத்தவர்களுக்குச் சோறு கொடுக்கிற நாட்கள், விடிய முன்னமே விகாரைக்குப் போய்ச் சோற்றுருண்டை போடுவார்கள். எங்கள் சபையில் அதைப் பேய்க்குப் படைப்பது என்று ஒரேயடியாகச் சொல்லிவிடலாம், சிலர் சொல்லவும் செய்தார்கள். எனக்கு முன் வீட்டு யேய், யேய் என்றால் பாட்டி, உடல் கிடைக்காத மூன்று பிள்ளைகளின் பெயரைச் சொல்லிக்கொண்டு இருட்டில் நிற்பதைப் பார்த்தபோது என் சின்னம்மாதான் நினைவுக்கு வந்தா. காணாமல் ஆக்கப்பட்ட மகனைத் தேடி 2017 மாசி 20 தொடக்கம் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் படத்தோடு இருந்த தாய்மாரில் அவவும் ஒருவர். நான் சோறு போடவில்லை. யேயின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றேன், என் சின்னம்மாவைப் பற்றிச் சொன்னேன். அடுத்த வருடம் யேய் தானாகவே கேட்டா, "உன் சின்னம்மாவின் மகன் வந்துவிட்டானா?" என்று. இயேசுவைப் பற்றி அவவோடு கதைத்தது எல்லாம் அதற்குப் பிறகுதான்.

பிள்ளைகளைப் பற்றி. உங்கள் பயத்தில் பாதி இதுதான் என்று நினைக்கிறேன், அது சரியான பயம். எங்கள் பக்கத்துச் சபைகள் பலவற்றின் வேர் யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷனில் இருக்கிறது, அந்தக் குடும்பங்களின் வரலாற்றைப் பள்ளிக்கூடத்தின் ஆண்டு விழாவில் மட்டும் கேட்கிறோம். 1815 ஐப்பசியில் அமெரிக்காவில் கப்பல் ஏறி 1816 பங்குனியில் கொழும்பில் இறங்கினார்கள், ஐந்து மாதம். அவர்களில் ஒருவரான டானியல் பூவரின் மனைவி சூசன் 1821இல் இறந்துபோனார். உடுவிலில் 1824இல் பெண்பிள்ளைகளுக்கான விடுதிப் பாடசாலையைத் தொடங்கிய ஹரியற் வின்ஸ்லோ, தன் மகன் சார்ள்சைப் படிக்க அமெரிக்காவுக்கு அனுப்பினார், அவன் போன இடத்தில் சின்ன வயதிலேயே இறந்துவிட்டான். செய்தி கடல் தாண்டி மாதக்கணக்கில் வரவேண்டிய காலம். 1833 தையில் ஹரியற்றும் 36 வயதில் போய்விட்டார். இந்த மண்ணில் பெண்பிள்ளைகள் எழுத்துப் படித்ததற்குப் பின்னால் அப்படி ஒரு தாய் இருக்கிறார். அதை நினைத்தால் எனக்கு நன்றியும் வரும், கோபமும் வரும். பிள்ளையை அனுப்பிவிட்டு ஊழியம் செய் என்று எந்தச் சபையும் ஒரு தாயிடம் கேட்கக் கூடாது.

நாங்கள் எங்கள் இரண்டு பேரையும் ஊர் அரச பள்ளிக்கூடத்தில் விட்டோம், அங்கே அரை நாள்தான் பள்ளி, கெமரில் நடக்கும். மிச்ச நேரம் வீட்டில் தமிழும் கணக்கும். எங்கள் கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் பாடநூல்கள் இணையத்தில் இலவசமாக இருக்கின்றன, அதை இறக்கி அச்சடித்து வைத்திருந்தேன். ஒரு நாள் தவறாமல் தமிழ் வாசிக்க வைத்தேன் என்று சொல்ல ஆசைதான், உண்மை அப்படியில்லை. வெள்ளம் வந்த வருடம், எனக்குச் சுகமில்லாத வருடம், எல்லாம் விட்டுப்போனது. மகன் வீட்டில் தமிழில் கேட்டால் கெமரில் பதில் சொல்வான். கோபம் வந்தால் தங்கச்சியோடு கெமரில் சண்டை பிடிப்பான். 2018இல் லீவுக்கு வந்தபோது என் அப்பா அவனோடு கதைக்க ஆசைப்பட்டு வெற்றிலைப் பெட்டியோடு பக்கத்தில் இருக்க, அவன் "ஓம்", "இல்லை" என்ற இரண்டு சொல்லோடு தலை குனிந்து இருந்தான். அப்பா என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. 2020 ஆவணியில் அப்பா போய்விட்டார். கொரோனாக் காலம், விமான நிலையம் மூடிக் கிடந்தது. செத்த வீட்டைப் போனில் பார்த்தோம், சிக்னல் இரண்டு தரம் அறுந்தது. வெளிநாட்டு ஊழியத்தின் விலை என்னவென்று யாராவது கேட்டால் நான் சொல்லக்கூடியது இதுதான்.

திரும்பி வந்தபோது மகனுக்கு 14 வயது. சாதாரண தரப் பரீட்சைக்குத் தமிழில் வரலாறும் விஞ்ஞானமும் எழுத வேண்டும். முதல் தவணையில் தமிழில் 19 புள்ளி எடுத்தான். வகுப்பில் "சீனாக்காரன்" என்று கூப்பிட்டார்கள், சாப்பாட்டு நேரம் மாமரத்தடியில் தனிய இருந்தான். ஒரு இரவு, "அம்மா, நான் எந்த ஊர்?" என்று கேட்டான், எனக்குப் பதில் வரவில்லை. இப்போது தேறிவிட்டான், நண்பர்கள் இருக்கிறார்கள், ஆனாலும் பட்டம்பாங் பெடியளோடு போனில் கதைக்கிறபோதுதான் அவன் முகம் முழுதாக மலரும். மகளுக்கு அவ்வளவு கஷ்டம் இல்லை, 11 வயதில் வந்தவள், வாயாடி. ஆகவே நீங்கள் போவதானால் ஒரு கணக்கை இப்போதே போடுங்கள்: மூத்தவள் 12 வயதுக்குள் நிரந்தரமாகத் திரும்புவதா, அல்லது அங்கேயோ இந்தியாவிலோ படித்து முடிக்க வழி பார்ப்பதா. கொடைக்கானலில் 1901இல் மிஷனரிப் பிள்ளைகளுக்காகவே தொடங்கிய பள்ளிக்கூடம் இன்றும் இருக்கிறது, ஆனால் எங்களைப் போன்றவர்களுக்கு அந்தக் கட்டணம் எட்டாது. 14 வயதில் நடுவில் கொண்டுவந்து இறக்குவது மட்டும் வேண்டாம், அதை நாங்கள் செய்தோம்.

ஏன் அப்படி வந்தோம் என்றால், காசு. வன்னியில் இருக்கிற ஒரு சபை மிஷனரிக் குடும்பத்தை அனுப்புவது பெரிய காரியம், நெல் வெட்டி முடிய ஒரு மூட்டை கொண்டுவந்து காணிக்கையாக வைக்கிற சனத்தின் காசு அது, அதை நினைத்தால் இன்றும் எனக்குக் கண் கலங்கும். ஆனால் கம்போடியாவில் புழங்குவது டொலர், அந்த நாட்டுக் காசான ரியெல் இரண்டாவது. எங்கள் ரூபாய் விழுந்தால் நீங்களும் விழுவீர்கள். 2022 மாசியில் டொலருக்கு 200 ரூபாய் அளவில் இருந்தது வைகாசியில் 360 அளவுக்குப் போனது, அதே ரூபாய் எங்கள் கையில் பாதிக்குக் கொஞ்சம் கூடுதலாகத்தான் வந்தது, அனுப்புவதற்கும் வங்கியில் கட்டுப்பாடு. மிச்சத்தை ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கிற சொந்தங்கள் தாங்கினார்கள், எவ்வளவு நாளைக்குக் கேட்பது? ஒரு ஆதரவாளர் குழு, நன்றாகத்தான் உதவியவர்கள், ஒரு கட்டத்தில் மாதம் பத்துப் பிள்ளைகளின் படம் அனுப்பினால்தான் காசு வரும் என்றார்கள். நான் கணக்குச் சொல்லிக் கொடுத்த பிள்ளைகளின் முகத்தை அப்படிக் கொடுக்க மாட்டேன் என்றோம், அது நின்றது. நின்றது நல்லது என்றுதான் இன்றும் நினைக்கிறேன், கஷ்டப்பட்டோம் என்பதும் உண்மை.

ஆகவே மூப்பர்களிடம் நீங்கள், உங்கள் கணவர் இல்லை, நீங்கள், நேரே கேளுங்கள்: மாதம் எவ்வளவு, டொலரிலா ரூபாயிலா, யார் அனுப்புவார், ஆறு மாதச் செலவு முன்கூட்டியே கையிருப்பில் இருக்கிறதா, பிள்ளைக்கு ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் என்ன, இரண்டு பேரில் ஒருவருக்கு ஏலாமல் போனால் திரும்பிவரும் டிக்கெட்டுக்குக் காசு எங்கே, தாய் தகப்பன் செத்தால் வர விடுவீர்களா. "கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று பதில் வந்தால், ஆமென் சொல்லிவிட்டுக் கேள்வியைத் திரும்பக் கேளுங்கள். கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று நானும் நம்புகிறேன், எத்தனையோ தரம் கண்டேன், பெரும்பாலும் யாரோ ஒரு மனிதர் கணக்குப் போட்டு வைத்திருந்த காசு வழியாகத்தான் கண்டேன்.

சின்னச் சின்ன விசயங்கள் சில. எங்கள் கடவுச்சீட்டுக்கு அங்கே போய் இறங்கி விசா எடுக்கலாம் என்று நம்பிப் போகாதீர்கள், இங்கிருந்தே எடுத்துக்கொண்டு போங்கள். பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ் ஆங்கில மொழிபெயர்ப்போடு மூன்று பிரதி வேண்டும். இலங்கை 2016இல் மலேரியா இல்லாத நாடு என்று சான்று பெற்றது, கம்போடியாவின் காட்டுப் பக்கங்களில் அது இன்னும் இருந்தது, எனவே போகும்முன் மலேரியாத் தடை இயக்கத்தில் கேளுங்கள், தடுப்பு மருந்து இலவசமாகத் தருவார்கள், திரும்பி வந்து காய்ச்சல் வந்தால் எங்கே இருந்து வந்தீர்கள் என்று டொக்டருக்கு முதல் சொல்லாகச் சொல்லுங்கள். மிளகாய்த்தூள் கொண்டுபோங்கள், அங்கே கிடைப்பது வேறு. புட்டுக்குழல், இடியப்ப உரல் கட்டாயம். ஊரில் எல்லோரும் "ப்ரஹொக்" என்று ஒரு மீன் பதப்படுத்திய சாமானைக் கறியில் போடுவார்கள், மணம் முதலில் தாங்க ஏலாது, கருவாட்டுக் குழம்பு சாப்பிட்ட வாய்க்கு இரண்டு மாதத்தில் பழகிவிடும். ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடாதீர்கள், மூத்தவரென்றால் "போங்", இளையவரென்றால் "ஊன்", மாமி வயதென்றால் "மிங்", தாத்தாவுக்கு "தா". சித்திரை வருடப்பிறப்பு அவர்களுக்கும் அதே நாட்களில்தான், முதல் வருடமே பலகாரம் சுட்டு அயலுக்குக் கொடுங்கள், அது ஒன்றுக்கு மொழி தேவையில்லை.

திரும்பவும் போவீர்களா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் எல்லோரும் கேட்பார்கள். பிள்ளைகள் படித்து முடித்தபிறகு போவேன். யேய் இருந்தால் பார்க்க வேண்டும், அவவுக்கு இப்போது 80 தாண்டியிருக்கும்.

நீங்கள் இப்போது செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. குடும்பத்தோடு ஒரு மாதம் போய் இருந்துவிட்டு வாருங்கள், சபையிடம் அதற்கு மட்டும் முதலில் காசு கேளுங்கள். நகரத்தில் விருந்தினர் விடுதியில் இல்லை, ஒரு கெமர் குடும்பத்தின் வீட்டில், மழைக்காலத்தில், ஆவணி அளவில். சந்தைக்கு நீங்கள் தனியப் போங்கள், அவர் பிள்ளைகளோடு வீட்டில் இருக்கட்டும். வந்தபிறகு மூன்று மாதம் ஒருவரும் உங்களிடம் ஒன்றும் கேட்கக் கூடாது என்று சொல்லிவையுங்கள். அதற்குப் பிறகும் வேண்டாம் என்று இருந்தால் வேண்டாம் என்று சொல்லுங்கள், அதை உங்கள் கணவருக்குச் சொல்லிக் கொடுக்க ஆள் தேவையென்றால் இவரை நான் அனுப்புகிறேன். போகலாம் என்று வந்தால் கிளிநொச்சிக்கு வாருங்கள், கெமர் எழுத்து முதல் 33 மெய்யையும் நானே சொல்லித் தருகிறேன், உங்கள் மகளுக்கு என் மகள் சொல்லிக் கொடுப்பாள்.